தொலைநோக்கியில் கேமராவை மாட்டுவது எப்படி: அளவெடுப்பதில் தொடங்கி கழற்றி வைப்பது வரை

தொலைநோக்கி வாங்கி நிலாவைப் பார்த்தாயிற்று. வீட்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா சும்மா கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன? சேர்க்கலாம், அது பெரிய வித்தையும் இல்லை. ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் வளையங்களை வாங்குகிறார்கள், பிறகு மாட்டுகிறார்கள், கடைசியில்தான் ஃபோகஸ் கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்துகொள்கிறார்கள். முதலில் அளவு, அடுத்து கடை, அப்புறம் பகலில் ஒத்திகை, கடைசியாகத்தான் நட்சத்திரம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

இங்கே சொல்வது லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராக்களுக்கு. கேமராவின் லென்ஸையும் தொலைநோக்கியின் ஐபீஸையும் எடுத்துவிட்டு, தொலைநோக்கியையே லென்ஸாகப் பயன்படுத்தும் பிரைம் ஃபோகஸ் முறை இது. கைபேசியை ஐபீஸில் பிடித்து எடுப்பது வேறு கதை. எடுத்துக்காட்டாக 150 மி.மீ. ஆடியும் 750 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட எஃப்/5 நியூட்டோனியனையும் (வில்லைக்குப் பதில் ஆடி வைத்த தொலைநோக்கி), கேனன் 1500டி போன்ற ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவையும் வைத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு காகிதம்

தேவையானவை மூன்றுதான்: நிலா, ஒரு துண்டு டிரேசிங் பேப்பர், ஒரு ஸ்கேல்.

தொலைநோக்கியை நிலாவுக்குத் திருப்புங்கள். ஐபீஸை எடுத்துவிடுங்கள். ஐபீஸைச் செருகும் நகரும் குழாயை, அதாவது ஃபோகஸரை, முழுக்க உள்ளே தள்ளுங்கள். இப்போது டிரேசிங் பேப்பரை ஃபோகஸரின் வாயில் ஒட்டினாற்போல் பிடித்து, மெல்ல வெளியே நகர்த்துங்கள். மங்கலான வெளிச்ச வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிலாவின் விளிம்பு கத்தி போல் கூர்மையாகும். 750 மி.மீ. தொலைநோக்கியில் அந்தப் பிம்பம் கிட்டத்தட்ட 7 மி.மீ. அகலம்தான் இருக்கும், பிறை அல்லது அரை நிலா என்றால் பள்ளங்கள் கூடத் தெரியும். அந்த இடத்தில் காகிதத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஃபோகஸர் வாயிலிருந்து காகிதம் வரை எத்தனை மி.மீ. என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். குறித்து வையுங்கள்.

கேமராவின் சென்சார் வந்து உட்கார வேண்டியது அந்தக் காகிதம் இருந்த இடத்தில். அதைவிட வெளியே போனால் ஃபோகஸ் கிடையாது. உள்ளே இருந்தால் கவலையில்லை, ஃபோகஸரை வெளியே இழுத்துச் சரிசெய்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஃபோகஸரில் 2 அங்குல, 1.25 அங்குல வளையங்கள் இரண்டும் இருந்தால், கேமரா எதில் நுழையப்போகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் கழற்றிவிட்டு அளக்கவும். ஒன்றின் உயரம் மற்றொன்றிலிருந்து வேறுபடும். அடுத்தது, இந்தச் சோதனையைச் சூரியனை வைத்துச் செய்யவே கூடாது. காகிதம் பற்றிக்கொள்ளும், கண் அதைவிட வேகமாகப் போய்விடும்.

2. 55 என்ற எண்

உங்கள் கேமராவின் மேல்புறத்தில் ஒரு சிறு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் அச்சிட்டிருக்கும். அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் தளம். அங்கிருந்து லென்ஸ் மாட்டும் உலோக வளையம் வரை உள்ள தூரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேனன் இஎஃப் வகைக்கு 44 மி.மீ., நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இது மிகக் குறைவு: சோனி இ 18, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 மி.மீ.

இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான், கேமராவில் லென்ஸின் இடத்தில் மாட்டும் டி-ரிங் என்ற வளையம். எந்தக் கேமராவாக இருந்தாலும் டி-ரிங்கின் வெளிமுகத்திலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. வரும்படி அதன் தடிமனை வைத்திருக்கிறார்கள். கேனன் டிஎஸ்எல்ஆருக்கான வளையம் 11 மி.மீ. தடிமன், சோனி மிரர்லெஸ்ஸுக்கானது 37 மி.மீ., பார்க்கக் குட்டிக் குழாய் போல இருக்கும். இரண்டிலும் கூட்டுத்தொகை 55தான்.

ஆகவே கணக்கு எளிது. 55 மி.மீ.யோடு, டி-ரிங்கில் திருகி ஃபோகஸரில் நுழைக்கும் குழாயான நோஸ்பீஸின், வெளியே நிற்கும் விளிம்பின் தடிமனைக் கூட்டுங்கள். விளிம்பு 7 மி.மீ. என்றால் மொத்தம் 62. காகிதச் சோதனையில் 70 கிடைத்திருந்தால் நிம்மதி, ஃபோகஸரை 8 மி.மீ. வெளியே இழுத்தால் நட்சத்திரம் கூர்மையாகும். 40தான் கிடைத்தது என்றால் 22 மி.மீ. பற்றாக்குறை, நான்காம் பகுதியைப் படிக்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வழக்கமான டி-ரிங்குக்குப் பதிலாகத் தடிமன் குறைந்த தட்டையான வளையம் கிடைத்தால் 20, 30 மி.மீ. வரை மிச்சம் பிடிக்கலாம். நியூட்டோனியன்காரர்களுக்கு அது பெரிய தொகை.

3. என்ன வாங்குவது

டி-ரிங் ஒன்று, உங்கள் கேமராவின் மவுண்ட் பெயரைச் சொல்லி. எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் டி-ரிங் என்று ஒன்று கிடையாது. கேனனிலேயே இஎஃப், ஆர்எஃப் இரண்டும் வேறு வேறு.

நோஸ்பீஸ் ஒன்று. டி-ரிங்கில் திருகி, மறுமுனையை ஐபீஸ் போல ஃபோகஸரில் நுழைக்கும் உலோகக் குழாய். ஃபோகஸர் இடம் கொடுத்தால் 2 அங்குலமே வாங்குங்கள். 1.25 அங்குலக் குழாயின் உள்வாய், ஏபிஎஸ்-சி சென்சாரின் 27 மி.மீ. மூலைவிட்டத்துக்கே இழுபறிதான். 43 மி.மீ. மூலைவிட்டம் கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாரில் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் இருட்டும்தான் வரும். ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் டி-ரிங்கையே எம்48 என்ற அகலமான வகையில் வாங்குவது நல்லது.

மரையில் ஒரு பொறி இருக்கிறது. டி-ரிங்கின் மரை எம்42×0.75, அதாவது 42 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. புரியிடைவெளி. பழைய பென்டாக்ஸ், ஜெனித் லென்ஸ்களுக்கான அடாப்டர்களும் எம்42தான், ஆனால் புரியிடைவெளி 1 மி.மீ. இரண்டையும் சேர்த்தால் முதல் சுற்று இனிமையாகப் போகும், அடுத்த சுற்றில் இறுகும், பலம் போட்டால் மரை நாசம். இணையக் கடைகளில் 'எம்42 அடாப்டர்' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். 0.75 என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இவை போக, கம்பி வைத்த ரிமோட் அல்லது இன்டர்வெலோமீட்டர் (தானாக அடுத்தடுத்துப் படமெடுக்க வைக்கும் ரிமோட்) ஒன்று, உங்கள் தொலைநோக்கியின் வாய் அளவுக்கு ஒரு பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸைச் சரிபார்க்கும் மூடி), கூடுதல் பேட்டரி ஒன்று. பெரிய பெட்டியில் பத்து வளையங்களோடு விற்கும் 'ஆஸ்ட்ரோ கிட்' தேவையில்லை. அதில் பாதி மூலையில் கிடக்கும்.

வாங்கும் முன் ஃபோகஸரின் வாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில நியூட்டோனியன்களில் ஐபீஸ் பிடிக்கும் வளையத்தின் வெளிப்புறத்தில் மெல்லிய மரை வெட்டியிருக்கும். அது பெரும்பாலும் டி மரைதான். இருந்தால் நோஸ்பீஸே வேண்டாம். டி-ரிங்கை நேரே அதில் திருகிவிடலாம். சில மி.மீ. மிச்சம், ஆட்டமும் இல்லை.

4. தூரம் போதாவிட்டால், மிஞ்சினால்

கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த நியூட்டோனியன்களில் பிம்பம் விழும் இடம் ஃபோகஸர் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், ஐபீஸுக்கு அது போதும் என்பதால். கேமராவோ 55 மி.மீ. தள்ளித்தான் சென்சாரை வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான சண்டைதான் 'ஃபோகஸ் வரவில்லை' என்ற புலம்பல்களின் மூலகாரணம். தீர்வுகள் மூன்று.

முதலாவது, பார்லோ வில்லை. அது பிம்பம் விழும் இடத்தை வெளியே தள்ளுகிறது. தலையில் டி மரை உள்ள 2 மடங்கு பார்லோ ஒன்றை வாங்கி, டி-ரிங்கை அதன்மேல் திருகினால் வேலை முடிந்தது. விலை: எஃப்/5 தொலைநோக்கி எஃப்/10 ஆகிவிடும், வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. நிலாவுக்குப் பரவாயில்லை, சொல்லப்போனால் நல்லது. நெபுலாவுக்கு வீண்.

இரண்டாவது, உயரம் குறைந்த ஃபோகஸர். செலவு அதிகம், ஆனால் சுத்தமான தீர்வு.

மூன்றாவது, முதன்மை ஆடியைக் குழாய்க்குள் முன்னே நகர்த்துவது. நீளமான திருகுகளும் ஸ்பிரிங்குகளும் போட்டோ, ஆடித்தாங்கியையே முன்தள்ளித் துளையிட்டோ செய்கிறார்கள். பற்றாக்குறை 22 மி.மீ. என்றால் நகர்த்த வேண்டியதும் அதே அளவு, கூட ஓரிரு மி.மீ. ஆனால் ஆடி முன்னே வரும்போது இரண்டாம் ஆடியில் விழும் ஒளிக்கூம்பு பெரிதாகிறது. சிறிய இரண்டாம் ஆடி அதை முழுக்கப் பிடிக்காமல் ஓரங்களை வெட்டலாம். என்னைக் கேட்டால், புதிதாக வருபவர் முதல் சில மாதம் பார்லோவோடு நிலாவை எடுத்துவிட்டு, ஆர்வம் நிலைத்தால் அப்புறம் துளையிடும் இயந்திரத்தைத் தொடலாம்.

வில்லைத் தொலைநோக்கிகளில் சிக்கல் நேரெதிர். ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பிவிடும் டயகனலைக் கழற்றியதும் பிம்பம் வெகுதூரம் தள்ளி விழும், ஃபோகஸரை முழுக்க இழுத்தாலும் சென்சார் அங்கே போய்ச் சேராது. நீட்டிப்புக் குழாய் ஒன்று போட்டால் தீர்ந்தது. எத்தனை மி.மீ. என்பதைக் காகிதச் சோதனையே சொல்லிவிடும். டயகனலை விட்டுவைத்து அதன்மேல் கேமராவை மாட்டாதீர்கள். எடை தாங்காமல் சாயும், படமும் இடவலமாகத் திரும்பும்.

ஷ்மிட்-கேஸ்கிரேன் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அவற்றில் முதன்மை ஆடியே நகர்ந்து ஃபோகஸ் செய்வதால் வீச்சு தாராளம். பின்புற மரைக்கான டி-அடாப்டர் ஒன்று போதும்.

படத்தின் ஓர நட்சத்திரங்களைச் சீராக்கும் ஃபிளாட்னர், கோமா கரெக்டர் போன்ற வில்லைகளில் பெரும்பாலானவை தங்கள் பின் விளிம்பிலிருந்து சென்சார் வரை அதே 55 மி.மீ.யைக் கேட்பவை. டி-ரிங்கை நேரே திருகினால் பொருந்திவிடும். இடையில் ஃபில்டர் போட்டால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

5. கேமராவை வீட்டிலேயே தயார்செய்தல்

இருட்டில் மெனுவைத் தேடுவது கொடுமை. இவற்றையெல்லாம் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள்.

பயன்முறை எம். தொலைநோக்கியோடு கேமரா பேச முடியாது, ஆகவே தானியங்கி எதுவும் நம்பத்தக்கதல்ல. மிரர்லெஸ் என்றால் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அமைப்பை மெனுவில் தேடி அனுமதியுங்கள். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பதறுபவர்களில் பலர் இந்த ஒரு வரியைத்தான் மறந்திருக்கிறார்கள்.

கோப்பு வகை ரா. ஜேபெக் படத்தில் இருண்ட பகுதிகளின் விவரம் திரும்ப வராது. வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், ரா-வில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே நேரம் இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும். பாதி இரவு அதிலேயே போகும். உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு உள்ள கேமரா என்றால் அதையும் அணையுங்கள், தானாகத் தூங்கும் நேரத்தையும் நீட்டுங்கள்.

6. மாட்டும் வரிசை

அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். தூசி சென்சாரில் உட்கார்ந்தால் ஒவ்வொரு படத்திலும் சாம்பல் புள்ளியாக வரும்.

முதலில் டி-ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி மூன்று மிகச் சிறிய திருகுகள் இருக்கும். உள்வளையத்தைப் பிடித்திருப்பவை அவைதான். கேமரா நிமிர்ந்து நிற்க வேண்டிய கோணத்தைச் சரிசெய்வதற்கென்றே கொடுத்திருக்கிறார்கள். தளர்ந்திருந்தால் கேமரா முழுவதும் நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்லச் சுழலும். சிறு ஹெக்ஸ் சாவியால் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் வளையம் ஒருபக்கம் சாயும்.

அடுத்து நோஸ்பீஸை டி-ரிங்கில் திருகுங்கள். முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால் மரை ஓர் இடத்தில் 'டக்' என்று இறங்கும்; அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் குறுக்கே ஏறாது. விரல் பலம் போதும்.

இப்போதுதான் கேமராவின் மூடியைக் கழற்ற வேண்டும். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, டி-ரிங்கிலுள்ள புள்ளியைக் கேமராவின் புள்ளியோடு சேர்த்து, லென்ஸ் மாட்டுவது போலவே திருப்புங்கள். சொடுக்கொலி கேட்டதா? மலிவான சில வளையங்களில் பூட்டுக் குழி சரியாக வெட்டியிருக்காது, சொடுக்காது. அப்படிப்பட்டதில் கேமராவைத் தொங்கவிடாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொலைநோக்கிக்குப் போங்கள். ஃபோகஸர் குழாயை உள்ளே தள்ளி, பூட்டுத் திருகை இறுக்கிய பிறகே கேமராவை நுழையுங்கள். அரை கிலோ எடை திடீரென்று விழும்போது பூட்டாத குழாய் சரசரவென்று வெளியே ஓடும். நோஸ்பீஸ் முழுக்க உள்ளே போய் அதன் விளிம்பு ஃபோகஸர் வாயில் ஒட்டி நிற்கட்டும்; அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகுகளை இறுக்குங்கள். இடைவெளி விட்டு இறுக்கினால் சென்சார் சாய்ந்து உட்காரும், படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கும்.

கடைசியாக, கேமராவின் வார்ப்பட்டையைத் தொலைநோக்கியின் பிடிவளையத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இரண்டு சிறு திருகுகளை நம்பிக் கேமராவை அந்தரத்தில் விடுவது எனக்கு ஒப்பாது.

7. எடைச் சமநிலை

கேமரா மாட்டிய பிறகுதான் சமநிலை பார்க்க வேண்டும். ஐபீஸோடு பார்த்த சமநிலை செல்லாது. சமநிலை இல்லாவிட்டால் மவுண்ட்டின் மோட்டார் திணறும், நட்சத்திரங்கள் கோடாகும்.

நியூட்டோனியனில் கேமரா குழாயின் முன்பகுதியில் தொங்குகிறது. ஆகவே பிடிவளையங்களைத் தளர்த்தி, குழாயைப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். வில்லைத் தொலைநோக்கியில் கேமரா வால்பக்கம். குழாய் முன்னோக்கி நகரும். தளர்த்தும் முன் ஒரு கை குழாயின்மேல் இருக்கட்டும். சரியான இடம் என்பது, கிளட்ச்சைத் தளர்த்தினாலும் குழாய் விட்ட இடத்திலேயே நிற்பது. ஃபோகஸர் மவுண்ட்டை நோக்கி, கீழ்ப்பக்கமாக இருக்கும்படி குழாயைச் சுழற்றி வைத்தால் கேமராவின் எடை ஓரமாக இழுப்பது குறையும்.

எதிர் எடையில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல். ஈக்குவடோரியல் மவுண்ட்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். அந்த நட்சத்திரம் சென்னையில் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரி, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 10 டிகிரிதான். அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால், எதிர் எடைத் தண்டு சுழலும்போது முக்காலியின் காலில் முட்டும். கேமராவுக்காக எடையைத் தண்டின் நுனிக்கு இறக்கினால் இன்னும் சீக்கிரம் முட்டும். இன்னொரு எடையைச் சேர்த்து, இரண்டையும் மேலேயே நிறுத்துங்கள். முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் இடையே ஒரு குட்டைத் தூண் போட முடிந்தால் சிக்கலே இல்லை.

டாப்சோனியன் (பெட்டித் தாங்கியில் கையால் திருப்பும் நியூட்டோனியன்) வைத்திருப்பவர்கள் ஆடி இருக்கும் முனையில் காந்த எடை ஒட்டலாம். குழாய் எஃகு என்றால் ஒட்டும்.

8. பகலில் ஒத்திகை

மாலை வெயில் சாய்ந்த பின், சூரியனுக்கு எதிர்த்திசையில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கைபேசிக் கோபுரத்தையோ கோயில் கோபுரக் கலசத்தையோ குறிவையுங்கள். லைவ் வியூவைப் போட்டு ஃபோகஸரைத் திருப்பி, கூர்மையாக்குங்கள்.

இதை ஏன் இரவுக்கு முன் செய்ய வேண்டும்? வானத்தில் ஃபோகஸ் தவறியிருந்தால் நட்சத்திரம் பெரிய மங்கலாகப் பரவி, திரையில் ஒன்றுமே தெரியாது. எந்தப் பக்கம் திருப்புவது என்றும் புரியாது. பகலில் கோபுரம் எவ்வளவு மங்கினாலும் ஏதாவது தெரியும்.

நட்சத்திரத்துக்குத் தேவையான இடம், பகல் பொருளுக்கானதைவிடச் சற்றே உள்ளே இருக்கும். 750 மி.மீ. தொலைநோக்கியில் ஒரு கிலோமீட்டர் கோபுரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் வேறுபாடு அரை மி.மீ.க்கு மேல் கொஞ்சம். ஆகவே கோபுரம் கூர்மையான நிலையில் ஃபோகஸர் இன்னும் இரண்டு மூன்று மி.மீ. உள்ளே போக இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரவுக்குத் தயார். ஃபோகஸர் குழாயில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரவில் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் நட்சத்திரம் சிறு புள்ளியாகவே கண்ணில் படும்.

தேடுநோக்கியையும் இப்போதே கேமராத் திரையோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். கோபுர உச்சி திரையின் நடுவில் இருக்கும்போது தேடுநோக்கியிலும் நடுவில் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் படத்தின் பரப்பு 1.7 டிகிரிக்கு 1.1 டிகிரி. அதற்குள் குத்துமதிப்பாக எதையும் பிடிக்க முடியாது.

திரும்பவும் சொல்கிறேன்: சூரியன் பக்கம் குழாயைத் திருப்பக் கூடாது. சூரியனை எடுப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுவதுமாக மூடும் சூரிய வடிகட்டி வேண்டும். ஐபீஸில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடிகள் வெப்பத்தில் வெடிக்கும்.

9. இரவில் ஃபோகஸ்

தொலைநோக்கியை அரை மணி நேரமாவது வெளியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆடி இன்னும் சூடாக இருந்தால் ஃபோகஸ் நிலைக்காது.

பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள். குளிர்காலம் என்றால் சிரியஸ் எனும் மிருகவியாதர், கோடையில் சுவாதி. கேமராவில் ஐஎஸ்ஓ 1600, லைவ் வியூ, பத்து மடங்கு பெரிதாக்கம். நட்சத்திரம் மிகச் சிறிய புள்ளியாகும் இடத்துக்கு ஃபோகஸரைக் கொண்டுவாருங்கள்.

கண் இங்கே ஏமாற்றும், அதற்குத்தான் பாட்டினோவ் மாஸ்க். குழாயின் வாயில் வைத்தால் நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகள் கிளம்பும். இரண்டு பெருக்கல் குறி போல் குறுக்கே வெட்டும், மூன்றாவது அவற்றுக்கு நடுவே ஓடும். ஃபோகஸர் குமிழைச் சற்றுத் திருப்பினால் நடுக்கோடு மட்டும் இடமும் வலமுமாக நகரும். அது வெட்டும் புள்ளியின் சரி நடுவில் வந்து நின்றால் ஃபோகஸ் முடிந்தது. லைவ் வியூவில் கோடு மங்கலாக இருந்தால் ஐந்து வினாடிப் படம் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம் பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கியதும் கோடு நகர்ந்ததா என்று மறுபடி பாருங்கள். மலிவான ஃபோகஸர்களில் நகரும். அப்போது நகரும் அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து இறுக்க வேண்டும். ஷ்மிட்-கேஸ்கிரேனில் கடைசித் திருப்பம் எப்போதும் ஆடியை மேலே தள்ளும் திசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆடி தன் எடையில் பின்னால் சரியும்.

மாஸ்க்கை எடுத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் படம் எடுத்தவர்கள் நிறைய.

10. முதல் படங்கள்

நிலாவில் தொடங்குங்கள். எஃப்/5-இல் முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, 1/500 வினாடி. அரை நிலாவுக்கு 1/125-இலிருந்து முயலுங்கள். இரண்டு வினாடி டைமர் அல்லது ரிமோட்டால் மட்டும் சொடுக்க வேண்டும், விரல் பட்டால் குழாய் ஆடும். டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பும் உதறலும் உண்டு. லைவ் வியூவிலிருந்தே எடுத்தால் அது இராது.

மோட்டார் இல்லாத டாப்சோனியனில் நிலாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வானம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). நம் கேமராவின் 3.7 மைக்ரான் பிக்சல் 750 மி.மீ.யில் கிட்டத்தட்ட ஒரு விகலை. ஒரு வினாடி திறந்து வைத்தால் நட்சத்திரம் 15 பிக்சல் நீளக் கோடு.

வியாழனை எடுத்துவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம். அது வானத்தில் 50 விகலைக்கு மேல் போவதேயில்லை. ஆகவே படத்தில் 50 பிக்சலுக்குள் ஒரு பொட்டு. கேமராவின் குறை அல்ல அது. கிரகங்களுக்குப் பார்லோவும் வீடியோவும் வேண்டும்.

மோட்டார் உள்ள மவுண்ட், துருவ நட்சத்திரத்துக்குச் சரியாக ஒத்திசைத்தது என்றால் ஓரியன் நெபுலா முதல் இலக்கு. சட்டகத்துக்குள் அடங்கும், பிரகாசமும் உண்டு. ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, பின்னால் மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்க, 20 வினாடி வீதம் ஐம்பது அறுபது படங்கள். முதல் படத்தைப் பெரிதாக்கி, நட்சத்திரம் வட்டமாக இருந்தால் 30 வினாடிக்குப் போகலாம். நீண்டிருந்தால் 10-க்கு இறங்குங்கள். ஆன்ட்ரோமெடா கேலக்ஸி 3 டிகிரி அகலம். இந்தத் தொலைநோக்கியில் அதன் நடுப்பகுதி மட்டுமே கிடைக்கும்.

கடலோர ஊர்களில் நள்ளிரவுக்கு முன்பே பனி படியும். நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றினால் ஆடியையோ வில்லையையோ துடைக்க வேண்டாம். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், தள்ளி நின்று காட்டுங்கள்.

11. கழற்றும் முன் செய்ய வேண்டியது

படங்கள் முடிந்ததும் கை தானாகக் கேமராவுக்குப் போகும். நிறுத்துங்கள். ஃபிளாட் படங்களை, அதாவது சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் படங்களை, எடுக்காமல் கேமராவைக் கழற்றவோ சுழற்றவோ ஃபோகஸை மாற்றவோ கூடாது. சென்சாரின் தூசியும் மூலைகளின் இருட்டும் இப்போது எங்கே இருக்கின்றனவோ அதே இடத்தில் பதிவாக வேண்டும். அப்போதுதான் மென்பொருள் அவற்றை நீக்க முடியும். ஒருமுறை கழற்றி மாட்டினால் எல்லாம் இடம் மாறிவிடும்.

வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல் குழாயின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். விளக்கொளி சீராகப் படும் வெள்ளைச் சுவரை நோக்கி, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி இருபது படம் எடுங்கள். ஐஎஸ்ஓ மாறக் கூடாது. பின்னர் குழாயை மூடிவிட்டு, நெபுலாவுக்கு வைத்த அதே ஐஎஸ்ஓ, அதே வினாடிகளில் இருபது இருட்டுப் படங்கள். இதை நீங்கள் மற்ற சாமான்களைக் கட்டும்போதே ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

கழற்றும்போது வரிசை தலைகீழ். முதலில் ஒரு கை கேமராவைத் தாங்கட்டும், மறு கை திருகுகளைத் தளர்த்தட்டும். வார்ப்பட்டையின் முடிச்சு மட்டும் இங்கேயும் கடைசியில்.

12. படத்தைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

நான்கு மூலைகளும் ஒரே அளவில் இருட்டு: நோஸ்பீஸ் குறுகல், அல்லது இரண்டாம் ஆடி சிறியது. ஃபிளாட் ஓரளவு சரிசெய்யும்.

நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் வால் முளைத்து மையத்திலிருந்து வெளியே நீள்கின்றன: எஃப்/5 நியூட்டோனியனின் பிறவிக் குணம், கோமா. கரெக்டர் வாங்கும் வரை ஓரங்களை வெட்டிவிடலாம்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்: கேமரா சாய்ந்திருக்கிறது. நோஸ்பீஸ் விளிம்பையும் டி-ரிங்கின் மூன்று திருகுகளையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஃபோகஸர் கேமராவின் எடையில் தொய்கிறது. அடியில் உள்ள இறுக்கத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள்.

எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் கோடு: கேமரா மாட்டியதில் பிழையில்லை. துருவ ஒத்திசைவோ சமநிலையோ தவறு.

டி-ரிங்கும் நோஸ்பீஸும் பிரிய மறுக்கின்றன: குளிரில் அடிக்கடி நடக்கும். பலமாகப் பிடிக்கப் பிடிக்க வளையம் நசுங்கி முட்டை வடிவாகி இன்னும் இறுகும். சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி நோஸ்பீஸைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் சுற்றளவு முழுவதும் சமமாகப் பிடித்துத் திருப்புங்கள். இடுக்கி வேண்டாம். அடுத்த முறை விரல் நுனி இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.